ஆர்மா 4 வரப்போகுதாம்: நாங்கள் என்ன கேட்கப்போகிறோம்?

முறிகண்டி_கச்சான் | 19.05.2022 | இரவு 9:12

விசயம் எல்லாருக்கும் எட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை, 17ஆம் திகதி, ஆர்மா என்ற போர்க் கொம்பியூட்டர் விளையாட்டின் நாலாம் பாகத்தைச் செய்துகொண்டிருப்பதாக, அதைச் செய்கிற செக் நாட்டு நிறுவனம் பொஹீமியா இன்டராக்டிவ் ஒருவழியாக வாயைத் திறந்து சொல்லிவிட்டது. அன்றைக்கே ஆர்மா ரீஃபோர்ஜர் என்ற குட்டியையும் ஏர்லி அக்சஸில், அதாவது வேலை முடியமுன்னமே, விற்பனைக்கு இறக்கிவிட்டார்கள். மறுநாள் மே 18. அது என்ன நாள் என்று நான் எழுதத் தேவையில்லை. அதனால்தான் இழையை இன்று திறக்கிறேன். நேற்றுத் திறந்திருந்தால் கஞ்சி கிண்டிய அகப்பையாலேயே அம்மா ஒன்று போட்டிருப்பா.

ஆர்மா 4 பற்றிக் காட்டியது பெயரை மட்டும்தான். வெளியீட்டுத் திகதி இல்லை. இப்போதைக்குக் கையில் இருப்பது ரீஃபோர்ஜர். என்ஃப்யூஷன் என்ற புது எஞ்சினுக்கு, அதாவது விளையாட்டை ஓட்டுகிற மென்பொருளுக்கு, இது வெள்ளோட்டம் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். காலம் 1989, இடம் எவரோன் என்ற கற்பனைத் தீவு, அமெரிக்கனும் சோவியத்தும். இதே தீவோடு 2001இல் வந்த இவர்களின் முதல் விளையாட்டு ஆப்பரேஷன் ஃப்ளாஷ்பொயின்டை விளையாடிய பழசுகளுக்கு எவரோன் என்ற பெயரைக் கேட்டாலே தொண்டை அடைக்கும். 51 சதுர கிலோமீற்றர், புல்லு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிறது. சத்தியமாக வடிவு.

ஆனால் ட்ரெயிலரை நாலு தரம் பார்த்தேன். வேலி இருக்கு, தோட்டம் இருக்கு, தேவாலயம் இருக்கு. ஒரு கிழவி இல்லை. சைக்கிளில் போகிற ஒரு மனுசன் இல்லை. 21 வருசமாக இதே கதைதான். ஊருக்குள் போனால் கதிரை மேசையெல்லாம் வைத்தபடி இருக்கும், சனம் மட்டும் இருக்காது. குண்டு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாழும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு, சனம் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட வராதா?

ஆர்மா 4இடம் நான் கேட்பது அது ஒன்றைத்தான். நீங்கள் என்ன கேட்பீர்கள்?

மாங்குளம்_மினிபஸ் | இரவு 9:15

முதல் பதில் நான். இனித்தான் வாசிக்கப்போகிறேன்.

பரந்தன்_சந்தி | இரவு 9:31

நான் கேட்பது தள்ளுபடி. ரீஃபோர்ஜர் 30 டொலர். டொலர் 360இல் நிற்கிறது. பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய் மச்சான்! அதுக்கு இரண்டு காஸ் சிலிண்டர் வாங்கலாம், கடையில் இருந்தால்.

அப்படி வாங்கினாலும் எதில் ஓட்டுவது? என்னுடையது 1050 டிஐ என்ற பழைய கிராஃபிக்ஸ் கார்ட். ஆர்மா 3க்கே அரிசி மில் மாதிரிச் சத்தம் போடும். பெரிய சண்டை தொடங்கினால் செக்கனுக்கு 18 பிரேம். அதுக்குள் கரண்ட் கட். யூபிஎஸ் ஏழு நிமிசம் தாங்கும். ஏழு நிமிசத்தில் ஆர்மாவில் என்ன செய்யலாம்? ஹெலியில் ஏறி உட்காரலாம், பைலட் வரும்வரை காத்திருக்கலாம்.

ஓ_எல்_கைதி | இரவு 9:34

எனக்குத் திங்கட்கிழமை சோதனை. ஒரே ஒரு கேள்வி: எக்ஸ்பொக்ஸிலும் மொட் (விளையாடுகிறவர்களே செய்கிற மாற்றங்கள்) போடலாம் என்பது மெய்யா?

முறிகண்டி_கச்சான் | இரவு 9:36

மெய்தான். பிசிக்காரரோடு சேர்ந்தும் விளையாடலாம். இப்ப போய்ப் படி.

ஓ_எல்_கைதி | இரவு 9:37

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணை.

இரணைமடு_வான்கதவு | இரவு 10:48

கச்சான், ஒரு திருத்தம். சனமே இல்லை என்று சொல்லேலாது. ஆர்மா 2இல் சிவிலியன் மொடியூல் ஒன்று இருந்தது. அதில் வருகிற செர்னாரஸ் என்ற கற்பனை நாட்டு ஊர்களில் வைத்தால் ஆட்கள் நடந்து திரிவார்கள். வெடி கேட்டால் ஓடுவார்கள். ஆனால் ஓடுவது எங்கே என்று பார்த்திருக்கிறாயா? திசைக்கொருத்தராகக் கொஞ்சத் தூரம் ஓடி, வெளியில் குந்திவிடுவார்கள். பிறகு எழும்பி மறுபடி நடப்பார்கள். பின்னேரம் உலாத்தப் போனவர்கள் மாதிரி.

அப்புறம், ஆர்மாவில் சண்டைக் காட்சியை நாங்களே அமைக்கிற எடிட்டரில் நாலு நிறம் இருக்கிறது. நீலம் ஒரு தரப்பு, சிவப்பு மறு தரப்பு, பச்சை மூன்றாவது. நாலாவது ஊதா, அதுதான் பொதுசனம். பெட்டி இருக்கு, உள்ளுக்குள் சாமான் குறைவு.

எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. வெறும் வீடுகள். விளையாட்டில் ஆளில்லாத ஊர் என்றால் வீடு முழுசாக நிற்கும். கூரை இருக்கும், யன்னல் இருக்கும், கதவைத் தள்ளினால் கிறீச்சென்று திறக்கும். எங்கட பக்கம் சனம் வெளிக்கிட்டுப் போன வீட்டில் கதவு கிடக்குமா? முதலில் ஓட்டைக் கழற்றி அடுக்குவார்கள், இல்லாவிட்டால் தகரத்தை. பிறகு யன்னல், நிலை, கதவு. லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் தகரத்தை அடியில் போட்டு, அதுக்கு மேலே நெல்மூட்டை, அதுக்கு மேலே பாய் தலையணை, உச்சியில் பெரியம்மாவும் கோழிக்கூடும். போகிற இடத்தில் கொட்டில் போட அந்தத் தகரம் வேணும். கடைசி நாட்களில் அதுக்கும் நேரம் இருக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் 2008 முழுக்க நான் கண்டது மொட்டைச் சுவர்களும் சீமெந்து நிலமும்தான்.

எவரோனில் சோவியத் வரப்போகிறான் என்று தெரிந்த பிறகும் ஒருத்தரும் ஒரு கதவைக்கூடக் கழற்றவில்லை என்றால், அந்தத் தீவுச் சனத்துக்கு முன்னனுபவம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாங்குளம்_மினிபஸ் | இரவு 10:52

பெரியம்மாவும் கோழிக்கூடும் 😂 எங்கட அப்பாச்சி அம்மியோடு ஏறினவ.

ஸ்காபரோ_குளிர் | இரவு 11:20

இங்கே கனடாவில் இன்னும் மத்தியானம்தான், எல்லாருக்கும் வணக்கம். ரீஃபோர்ஜரை முதல் நாளே வாங்கினேன். சேர்வர்கள் நிரம்பி வழிந்தன, இரண்டு மணித்தியாலம் உள்ளே போக முடியவில்லை. கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் திட்டு விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும், சத்தத்தின் தரம் அப்படி.

என் ஆசை வேறு. வான்கதவு, நீ ஆர்மா 3க்கு வன்னி மேப் ஒன்று செய்வதாகப் போன வருசம் சொன்னாயே, அதை ஆர்மா 4க்குக் கொண்டுபோய் தொடர்கதையாக ஓடுகிற முழு கம்பெய்னாகச் செய்யலாம். இரண்டு பக்கமும் விளையாடலாம். எங்கள் கதையை நாங்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஒட்டுசுட்டான்_ஓடு | இரவு 11:41

தம்பிமாரே, நான் உங்களைவிட வயதில் மூத்தவன். மகனின் போனில் இதை வாசித்துவிட்டு எழுதுகிறேன், மன்னிக்கவும். நாங்கள் ஓடினது உங்களுக்கு விளையாட்டாகப் போயிட்டுதா? கனடாவில் இருக்கிறவருக்கு அது கம்பெய்ன். எனக்கு அது இடது கால்.

ஸ்காபரோ_குளிர் | இரவு 11:47

*[இந்தப் பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]*

மட்டுறுத்துநர் | இரவு 11:58

யார் எங்கே இருந்து எழுதுகிறார் என்பதை வைத்து ஒருவரையொருவர் குத்த வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும்தான் சொல்கிறேன். இழை திறந்தே இருக்கும்.

முறிகண்டி_கச்சான் | 20.05.2022 | காலை 6:40

ஓடு அண்ணை, நீங்கள் கேட்டது நியாயம். இரவு முழுக்க யோசித்தேன். சண்டைக்கு வரவில்லை, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2017இல் தான் எனக்கு கொம்பியூட்டர் வந்தது. முதல் கிழமை ஹெட்போன் இல்லை, ஸ்பீக்கரில் ஆர்மா 3 போட்டேன். மோட்டார் ஷெல் அடிக்கிற ஒரு மிஷன். அம்மம்மா விறாந்தையில் சாக்குக் கட்டிலில் படுத்திருந்தா. அம்மா குசினியில் இருந்து பதறிக்கொண்டு ஓடிவந்து வயரைப் பிடுங்கினா. அம்மம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. "அது குத்தின சத்தம். விழுந்த சத்தம் எங்க?" என்று கேட்டா.

வயரைப் பிடுங்கியதில், ஷெல் கிளம்பின சத்தத்தோடு நின்று, விழுந்த சத்தம் வராமல் போய்விட்டது. எட்டு வருசத்துக்குப் பிறகும் அந்த மனுசி எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறா. அன்று பின்னேரம் அம்மாவே சந்திக்குப் போய் 650 ரூபாய்க்கு ஹெட்போன் வாங்கித் தந்தா. விளையாடாதே என்று சொல்லவில்லை. சத்தம் வெளியே வரக்கூடாது, அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

நான் ஏன் விளையாடுகிறேன் என்று கேட்டால் ஒழுங்கான மறுமொழி என்னிடம் இல்லை. 2009இல் எனக்குப் பதினொரு வயது. பங்கருக்குள் இருந்து சத்தத்தை மட்டும்தான் கேட்டேன், மேலே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. இதில் மேலே இருந்து பார்க்கிறேன். அது ஒரு காரணமாக இருக்கலாம். இல்லாவிட்டால் சும்மா ஹெலி ஓட்டப் பிடித்தும் இருக்கலாம்.

பரந்தன்_சந்தி | காலை 7:15

காலங்காத்தாலை அழவைக்காதே. பெற்றோல் வரிசையில் நிற்கிறேன், ஆட்கள் பார்க்கிறார்கள்.

சிவப்புத்_தடி | காலை 8:02

ஓடு அண்ணாவுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். என் அம்மா முகமாலையில் மிதிவெடி அகற்றுகிறா, பதினொரு வருசமாக. அம்மாவோடு சேர்ந்து நான் பார்த்த ஒரே கேம் ஆர்மா 3தான்.

2017 செப்டெம்பரில் லோஸ் ஒஃப் வோர் என்று அதுக்கு ஒரு டிஎல்சி, அதாவது தனியாக வாங்குகிற கூடுதல் பாகம், வந்தது. அதில் நீங்கள் படையாள் இல்லை. ஐடப் என்ற கற்பனைத் தொண்டு நிறுவனத்தின் வெடிபொருள் அகற்றுபவர். சண்டை முடிந்த ஓரெயோகாஸ்ட்ரோ என்ற ஊருக்குள் போய் மிதிவெடியைத் தேடித் தேடி எடுக்க வேண்டும். எடுக்க எடுக்க, அந்த ஊருக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவோடு கலந்து பேசித்தான் அதைச் செய்தார்கள். அந்த வருசம் அதில் வந்த நிகர வருமானத்தில் பாதியை, 176,667 டொலர், 2018இல் அவர்களுக்கே கொடுத்தார்கள். டிஎல்சி வந்த அதே 2017 டிசம்பரில்தான் இலங்கையும் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கொண்டாட்டம்.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏன் உவன் நிண்டுகொண்டு திரியிறான்? முழங்காலில இருக்கச் சொல்லு."

"முகக் கண்ணாடி எங்க?"

"முடிஞ்சுதா? இவ்வளவு கெதியாவா?"

கேமில் கண்டுபிடித்தால் பட்டனை அமத்த வேண்டும், சில செக்கனில் செயலிழந்துவிடும். அம்மாக்களுக்குச் சில நாள், நாள் முழுக்க இருந்தும் இரண்டு பாய் விரிக்கிற அளவு இடம் முடிந்தாலே பெரிய விசயம். வேர் இருந்தால் அதுவும் இல்லை. முழங்காலில் இருந்து, றேக்கால் மண்ணை மெல்ல மெல்லத் தன் பக்கம் வாரி எடுப்பா. ஒன்று தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். பார்த்து முடித்த இடத்தில் வெள்ளைத் தடி, பார்க்காத பக்கம் சிவப்புத் தடி. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

ஆர்மா 4இடம் நான் கேட்பது: அந்த வேலையை அதன் வேகத்தில் வையுங்கள். அலுப்படிக்கட்டும்.

மாங்குளம்_மினிபஸ் | காலை 8:09

தங்கச்சி, அலுப்படிக்கிற கேமை யார் வாங்குவார்?

சிவப்புத்_தடி | காலை 8:11

ஆர்மாவில் ஒரு மணித்தியாலம் நடந்துபோய், ஒரு தோட்டாவில் செத்து, திரும்ப ஒரு மணித்தியாலம் நடக்கிறவர்கள் கேட்கிற கேள்வியா அது?

பரந்தன்_சந்தி | காலை 8:13

மினிபஸ் பள்ளத்துக்குள் விழுந்தது.

ஒட்டுசுட்டான்_ஓடு | காலை 9:30

பிள்ளை, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். 2009 பெப்ரவரியில் புதுமாத்தளனில் இருந்து திருகோணமலைக்கு என்னைக் கொண்டுபோனது செஞ்சிலுவைக் கப்பல்தான். காசு அங்கே போனதென்றால் அந்தளவுக்குச் சரி. மற்றப்படி என் அபிப்பிராயம் மாறவில்லை.

மாங்குளம்_மினிபஸ் | காலை 10:05

கேமே பார்க்காதவர்களும் ஆர்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மார்ச்சில் எங்கட பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ போட்டார்: உக்ரைனில் விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிறார்களாம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ஆர்மா 3. அந்தப் பீரங்கி வண்டியை நான் இரண்டு வருசம் ஓட்டியிருக்கிறேன். சொன்னேன், நம்பவில்லை. என் கொம்பியூட்டரில் அதே காட்சியைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "அப்ப இதை யார் எடுத்தது?" என்று கேட்டார்.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் தவிர ஒன்றும் தெரியாத தம்பிமாருக்கும் ஒரு செய்தி. பப்ஜியைச் செய்த ஆள் அந்த விளையாட்டை முதலில் ஆர்மா மொட்டாகத்தான் செய்தார். நீங்கள் போனில் கட்டிப் புரள்வது ஆர்மாவின் பேரப்பிள்ளையோடு.

ஓ_எல்_கைதி | காலை 10:06

உண்மையாவா???

முறிகண்டி_கச்சான் | காலை 10:07

படி!

இரணைமடு_வான்கதவு | பிற்பகல் 1:25

கரண்ட் போக முன்னம் எழுதிவிடுகிறேன். ஸ்காபரோ அண்ணை மேப்பைப் பற்றிக் கேட்டார். கம்பெய்ன் செய்யமாட்டேன். இரண்டு பக்கமும் விளையாடலாம் என்பது சரி. எங்கட அம்மா எந்தப் பக்கத்தில் வருவா? நான் முதலில் சொன்ன ஊதாப் பெட்டியில் என்ன போடுவது என்று தெரியாமல்தான் ஒரு வருசமாக நிற்கிறேன்.

மேப்பின் நிலவரம் இது. ஆர்மா 3இன் அல்டிஸ் 270 சதுர கிலோமீற்றர், கிரேக்கத்து லெம்னோஸ் தீவைப் பார்த்துச் செய்தது. கிளிநொச்சி மாவட்டம் மட்டும் 1,279. முழுவதையும் செய்ய எனக்கு ஆயுள் காணாது. குளத்தைச் சுற்றி ஒரு துண்டை வெட்டியிருக்கிறேன்.

நிலத்தின் உயரத்துக்கு நாசாவின் இலவசத் தரவைத்தான் எடுத்தேன். 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ஒன்று பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்தது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரேடாருக்கு மரத்தின் தலை எது, நிலம் எது என்று ஒழுங்காகத் தெரியாது. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடெல்லாம் மேப்பில் மேட்டுநிலமாக வந்து நிற்கிறது. வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு கிடங்கு. வன்னியில் மலை இருக்கிறது என்று யாராவது சொன்னால் இனி நம்புவேன். குளக்கட்டோ, 30 மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் பாதி காணாமல் போய்விட்டது. கட்டை நானே சுட்டியால் இழுத்து இழுத்துக் கட்டினேன். எந்த நீர்ப்பாசன இஞ்சினியருக்கும் குறைவில்லை.

மரம் அடுத்த தலையிடி. கையில் கிடைப்பதெல்லாம் கிரேக்கத்துப் பைனும் ஒலிவும், செர்னாரஸின் குளிர்நாட்டு மரங்களும். பனையை நானே செய்தேன். முதல் பனை ஈர்க்குமாறு மாதிரி வந்தது.

ஆர்மா 4இடம் நான் கேட்பது வெப்பமண்டல மரம், ஒழுங்கான குளம், பிறகு கழற்றக்கூடிய கூரை.

பரந்தன்_சந்தி | பிற்பகல் 1:40

படமெடுக்க ஓடுபாதைப் பக்கம் மட்டும் போய்விடாதே. 2012இல் பொஹீமியாவின் ஆட்கள் இருவர் அதே லெம்னோஸில் படைமுகாமைப் படமெடுத்தார்கள் என்று உளவுக் குற்றச்சாட்டில் பிடிபட்டு 129 நாள் உள்ளே இருந்தவர்கள். விடுமுறைக்குப் போனோம் என்று சொல்லியும் நடக்கவில்லை. அவர்களுக்குக் குரல் கொடுக்கச் செக் நாடு இருந்தது. உனக்கு முறிகண்டிப் பிள்ளையார்தான்.

இரணைமடு_வான்கதவு | பிற்பகல் 1:43

அதனால்தான் விண்ணோடத்தை வைத்திருக்கிறேன்.

ஸ்காபரோ_குளிர் | மாலை 5:50

இரவு கொஞ்சம் சூடாகிவிட்டேன். ஓடு அண்ணை, மன்னிக்க வேண்டும். நான் வெளிக்கிட்டது 1996இல், பிறகு நடந்ததெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். வான்கதவு, கம்பெய்ன் வேண்டாம். என் பழைய 1080 கார்ட் சும்மா கிடக்கிறது. வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

பரந்தன்_சந்தி | மாலை 5:51

எனக்கும் மேப் செய்ய விருப்பம்.

இரணைமடு_வான்கதவு | மாலை 6:30

நன்றி அண்ணை. அதுவரைக்கும் எல்லாரிடமும் ஒரு உதவி. இப்போது வீடுகளை வைத்துக்கொண்டிருக்கிறேன், 2008 கடைசி மாதிரி. கூரை இல்லை, கதவு இல்லை, சுவர் மட்டும். எல்லா வளவும் ஒரே அச்சாக இருக்கிறது. திரும்பி வந்தபோது எங்கள் காணியைக் கிணற்றை வைத்துத்தான் அம்மா கண்டுபிடித்தா. வேலியும் இல்லை, பாதையும் இல்லை. கிணறு ஒன்றைத்தான் கழற்றிக்கொண்டு போக ஏலாது.

உங்கள் வளவில் கிணறு எந்தப் பக்கம், கட்டு வட்டமா சதுரமா, துலாவா கப்பியா? எழுதுங்கள். வைக்கிறேன்.

முறிகண்டி_கச்சான் | மாலை 6:38

ஈசான மூலை. வட்டம். கப்பி. பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற கல், ஒரு மூலை உடைந்தது.

சிவப்புத்_தடி | மாலை 6:52

வடகிழக்கு, சதுரம். அம்மா சொல்கிறா, கட்டில் 1987 என்று எழுதியிருக்குமாம். 7 திரும்பின பக்கமாக.

மாங்குளம்_மினிபஸ் | மாலை 7:01

எங்களது பொதுக்கிணறு. மூன்று வீட்டுக்கு ஒன்று. சண்டையையும் சேர்த்து வைக்கவும்.

ஒட்டுசுட்டான்_ஓடு | இரவு 8:20

தென்மேற்கு. ஆகாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஈசானத்தில் தோண்டப் பாறை வந்தது, அதனால் ஐயா இங்கே தோண்டினார். வட்டம், துலா. இருபத்திரண்டு அடியில் தண்ணீர், கோடையிலும் வற்றாது.

இரணைமடு_வான்கதவு | இரவு 8:24

துலா செய்ய வேண்டும், என்னிடம் இல்லை அண்ணை. மரம் என்ன மரம்?

ஒட்டுசுட்டான்_ஓடு | இரவு 8:31

பனை. மிதிக்கிற பக்கம் படி கொத்தியிருக்கும். பன்னிரண்டு படி.